மீன் உங்கட, அடுப்பு எங்கட

மாவரைக்கும் கிரைண்டரை மடியில் வைத்துக்கொண்டுதான் இலங்கையைப் பார்த்தேன். பாதி இலங்கையைக் கிரைண்டர் மறைத்துவிட்டது. தெரிந்த மீதியைச் சொல்கிறேன்.

கிரைண்டர் கேட்டவன் ஜவ்பர். கத்தாரில் ஒரு கம்பெனி மெஸ்ஸில் நானும் அவனும் ஒரே அடுப்பில் வெந்தவர்கள். நான் பரோட்டா, அவன் குழம்பு. நான் முதலில் ஊருக்கு வந்து தரங்கம்பாடிக் கடற்கரையில் பஜ்ஜிக்கடை போட்டேன். அவன் ஏறாவூர்க்காரன். அவனும் ஊருக்கு வந்து, கொஞ்சம் வடக்கே கல்குடாக் கடற்கரையில் கடை போட்டான். சில மாதம் கழித்துப் போன் வந்தது.

"மச்சான், இந்தியாக் கிரைண்டர் ஒண்டு கொண்டா. அப்பிடியே உன்னையும் கொண்டா."

கொண்டுபோனேன்.

கொழும்பிலிருந்து பஸ். பக்கத்து சீட்டில் லீவில் ஊருக்குப் போகிற பட்டாளத்துக்காரர். சின்ன வயசு, சிங்களவர். கிரைண்டர் என் மடியில். உள்ளே சுற்றும் கல் தனியாக ஒரு பையில், காலடியில். பஸ் குலுக்கியதில் கல் உருண்டு அவர் கால்விரலில் விழுந்தது. அவர் கோபப்படவில்லை. கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, என்ன என்று கையால் கேட்டார். நான் மாவு ஊற்றித் திருப்பிப் போடுவதுபோல் கையைக் காட்டினேன்.

"தோசே" என்றார். பிறகு நிறையச் சொன்னார். பின்சீட்டு அம்மாள் தமிழில் எடுத்துச் சொன்னார். அவருடைய அம்மாவும் தோசை சுடுவாராம். சப்பாத்துத் தோல், அதாவது பூட்ஸ் தோல் மாதிரி வருமாம். இதுவரை அம்மாவிடம் யாரும் சொன்னதில்லையாம்.

சொல்லி முடித்து, கல்லைக் கட்டிப்பிடித்தபடி தூங்கிப்போனார். அவர் ஊர் வந்ததும் திடுக்கிட்டு எழுந்து கல்லோடு இறங்கிவிட்டார். பஸ் கிளம்பிவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் மொத்த பஸ்ஸும் ஜன்னல் வழியாகக் கத்தியது. அவர் ஓடிவந்து கல்லை நீட்டினார். சல்யூட் அடித்தார். எனக்கா கல்லுக்கா தெரியவில்லை.

வெலிக்கந்தை தாண்டி மறுபடி பஸ் நின்றது. எங்கள் ஊரில் மாலை நேரத்தில் பஸ்ஸை நிறுத்துவது கல்யாண ஊர்வலம். இங்கே யானை. யாரும் ஹார்ன் அடிக்கவில்லை. கண்டக்டர் மட்டும் எட்டிப் பார்த்து ஏதோ சொன்னார். பின்சீட்டு அம்மாள் அதையும் தமிழில் சொன்னார்: டிக்கெட் எடுப்பதென்றால் ஏறு, இல்லாவிட்டால் விலகு என்றாராம். யானை விலகியது.

வாழைச்சேனையில் ஜவ்பர் ஓட்டோவோடு நின்றான். அவன் மனைவி ஹபீபாவும் வந்திருந்தாள். நான் இறங்கிக் காலை நீட்டுவதற்குள் கேட்டாள்.

"அண்ணன், இவர கத்தாருக்குப் போ எண்டு சொல்ல வந்தீங்களா, போகாத எண்டு சொல்ல வந்தீங்களா?"

"கிரைண்டர் குடுக்க வந்தேன்" என்றேன்.

வழியில் விஷயம் தெரிந்தது. கடை ஓடவில்லை. பழைய கம்பெனி ஜவ்பரைத் திரும்பக் கூப்பிடுகிறது. விசா தயார். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு ஏஜென்ட் போன் செய்வான். 'ஓம்', அதாவது ஆமாம் என்றால் டிக்கெட். கடை ஓடினால் போக வேண்டாம். ஓடாத கடையை வைத்துக்கொண்டு எப்படி வேண்டாம் என்பது? ஹபீபா அவன் பாஸ்போர்ட்டை எடுத்து எங்கோ ஒளித்துவிட்டாள். எங்கே என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் முடிவெடுக்க வேண்டும்.

அன்று சாப்பாடு இடியாப்பமும் மீன் ஆணமும். குழம்பை ஆணம் என்கிறார்கள். தேங்காய்ப்பாலில் செய்கிறார்கள். எங்கள் ஊர்ப் புளியை நாக்கு தேடியது, பிறகு மறந்துவிட்டது. கடைசியில் மண்சட்டியில் எருமைத் தயிர். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது என்றான் ஜவ்பர். கவிழ்த்துப் பார்த்தேன். விழவில்லை. எங்கள் ஊர்த் தயிரைக் கவிழ்க்கவே வேண்டாம், அதுவே ஓடும்.

மறுநாள் காலையில் கடையைப் பார்த்தேன். தென்னங்கிடுகுக் கூரை. நான்கு மேசை. பின்னால் இவர்கள் தங்கும் அறை. முன்னால் ஆளுயரப் பலகை. பீட்சா, பாஸ்தா, பர்கர் என்று எழுதியிருந்தது.

"பீட்சா சுடத் தெரியுமா?" என்றேன்.

"ஆரும் கேக்கல்லயே" என்றான்.

சுவரில் ஒரு சான்றிதழ். கடலோரத்தில் தொழில் செய்கிறவர்களுக்கு நடந்த பயிற்சிக்குப் போய் வாங்கியது. அங்கே நல்லதாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். சுத்தம் வேண்டும், சிரிப்பு வேண்டும், கழுவிய கக்கூஸ் வேண்டும் என்று. இவன் கக்கூஸில் ஆரம்பித்துவிட்டான். வெள்ளை ஓடு, கண்ணாடி, சோப்பு. கல்குடாவில் அதைப்போல் இன்னொன்று இல்லை என்று வான் சாரதிகள் எல்லோருக்கும் தெரியும். வேனை இங்கே வான் என்கிறார்கள். பக்கத்துப் பாசிக்குடாவில் பெரிய ஹோட்டல்கள். அங்கே தங்குகிறவர்களைக் காலையில் கரைவலை இழுப்பது பார்க்க வானில் இங்கே அழைத்து வருகிறார்கள். வந்து இறங்கியதும் நேராக ஜவ்பரின் கக்கூஸ். வெளியே வந்து நன்றி சொல்கிறார்கள். ஜவ்பர் சிரிக்கிறான். அவர்கள் வலை பார்த்துவிட்டுச் சாப்பிட ஹோட்டலுக்குப் போய்விடுகிறார்கள்.

"கக்கூஸ் நல்லா ஓடுது" என்றேன்.

"ஓம்" என்றான். "கடைதான் அடைச்சிப் போச்சி."

தோசை போட்டுப் பார்ப்பது என்று முடிவு. கிரைண்டரைத் துடைத்து வைத்தேன். பிளக் சொருகப் போனால், என்னுடையது உருண்டைக் கம்பி, அவன் சுவரில் சதுர ஓட்டை. மாற்றுப் பிளக் வாங்க ஓட்டமாவடிக்குப் போனான். கடையில் தீர்ந்துவிட்டதாம். உருண்டை ஓட்டை அந்தத் தெருவில் ஒரே ஒரு பழைய வீட்டில்தான் இருந்தது. பூபாலபிள்ளையின் வீடு. கரைவலைக்கு முதலாளி அவர்தான். கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போனோம்.

அவர் மனைவி தங்கேஸ்வரியக்கா வாசலில் வந்து பார்த்தார். "என்ன மனே, இது சத்தம் போடுமா?"

"கொஞ்சம்."

"போடட்டும். இந்த ஊட்டில பேசுற ஆள் நான் மட்டுந்தான்."

பூபாலபிள்ளை முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்தித் தைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

மாவு நன்றாக வந்தது. தோசையும் வந்தது. சாப்பிட வந்தது பக்கத்து வீட்டுக்காரர்கள் மட்டும். அயலவரிடம் காசு வாங்குவதா என்று ஜவ்பர் வாங்கவில்லை. வந்தவர்கள் வெறுங்கையோடு வரக்கூடாது என்று தேங்காய், முருங்கைக்காய், ஒரு கோழி. கோழி மேசையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அன்றைக்குக் கடையில் அதிக நேரம் உட்கார்ந்த வாடிக்கையாளர் அதுதான்.

அடுத்த நாள் காலையில் நானும் கரைக்குப் போனேன். எங்கள் பக்கமும் கரைவலை உண்டு. இங்கேயும் அப்படித்தான். தோணி போய் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வரும். கரையில் இரண்டு பக்கமும் கயிறு. ஆட்கள் அம்பாப் பாட்டுப் பாடி, சேர்ந்து இழுப்பார்கள். ஒரு வழக்கமும் அதேதான். கூலியாள் ஆனாலும் வழிப்போக்கன் ஆனாலும், கயிற்றில் கை வைத்தவனுக்குக் கறிக்கு மீன் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் அனுப்பினால் வலைக்கு ஆகாது.

வானில் வந்தவர்களில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. அந்தம்மாள் பெரிய தொப்பி. எல்லோரும் படம் பிடித்தார்கள். அந்தம்மாள் படம் பிடிக்காமல் கயிற்றைப் பிடித்தார். நன்றாக இழுத்தார். பாட்டில் 'ஏலோ' வரும் இடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கே மட்டும் பலமாகப் பாடினார். ஆட்களுக்குச் சந்தோஷம். "வெள்ளக்காரி விடாத, புடி" என்று ஒருவன் கத்தினான்.

வலை ஏறியது. பூபாலபிள்ளை வந்து, துள்ளுகிற பாரைக்குட்டிகளாகப் பார்த்து எடுத்து, அந்தம்மாளின் இரண்டு கையிலும் வைத்தார். முகத்தில் சிரிப்புகூட இருந்தது.

அந்தம்மாள் மீனைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார். நேராகத் தண்ணீருக்குப் போய், குனிந்து, எல்லாவற்றையும் கடலில் விட்டார். கையைத் தட்டிக்கொண்டார். நல்ல காரியம் செய்தவர் முகம்.

பாட்டு நின்றுவிட்டது. இரண்டு மீன் நீந்திப் போனது. மற்றது செத்து மிதந்து அலையோடு அவர் காலடிக்கே திரும்பி வந்தது. காகம் எடுத்துக்கொண்டது.

பூபாலபிள்ளை சத்தம் போடவில்லை. "இனி வெளியாக்கள் கயித்தில கை வைக்கக்கூடா" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார். கொடுத்த பங்கைக் கடலுக்கே எறிந்தால் அடுத்த வலை வெறுமை என்று கிழட்டு ஆள் ஒருவர் எனக்கு விளக்கினார்.

அந்தம்மாள் பயந்துபோய் வான் சாரதியைக் கேட்டார். அவர் இரண்டு பக்கமும் பேசிவிட்டு எங்களிடம் சொன்னார்: "ரூமுக்குக் கொண்டுபோய் என்ன செய்யிற எண்டு தெரியல்லயாம். வீணாப் போகாம கடலுக்கே விடுவம் எண்டு விட்டவவாம்."

இதைக் கேட்க பூபாலபிள்ளை அங்கே இல்லை.

மறுநாள் வலை ஏறியது. உள்ளே முழுக்கச் சொறி. ஜெல்லி மாதிரி, பட்டால் அரிக்கும். முதலாளியிலிருந்து சமையல்காரன் வரை கரை முழுக்கச் சொறிந்துகொண்டு நின்றது. கடல் பதில் சொல்லிவிட்டது என்று எல்லோருக்கும் உறுதியாகிவிட்டது. சொறி எங்கள் ஊரிலும் சமயத்தில் ஏறும், வெள்ளைக்காரர் யாரும் எறியாமலே. நான் சொல்லவில்லை. எனக்கும் அரித்துக்கொண்டிருந்தது.

கயிற்றைத் தொடக்கூடாது, வலையிலும் சொறி என்றால் வான் எதற்கு வரும்? வரவில்லை. கக்கூஸுக்கும் ஆள் இல்லை. ஜவ்பர் அதைக் கழுவினான். பிறகு மறுபடி கழுவினான். பிறகு உள்ளே பார்த்துக் கேட்டான்.

"ஹபீபா, பாஸ்போட் எங்க?"

உள்ளே தேங்காய் துருவும் சத்தம் நின்றது. "தேடணும்" என்றாள். தேடவில்லை.

வியாழக்கிழமை. மாவு அரைக்கப் போனேன். தோசைக்கு ஆள் இல்லை. ஆனால் தங்கேஸ்வரியக்கா உளுந்து ஊறப்போட்டுவிட்டார். கிரைண்டர் சுற்றியது. பூபாலபிள்ளை வலை பொத்தினார். நான் பக்கத்தில் குந்தினேன். இரண்டு பேரும் பேசுகிற ஜாதி இல்லை. மாவு அரைபட்டு முடிகிற வரைக்கும் அப்படியே இருந்தோம்.

சுவிட்சை நிறுத்திவிட்டுச் சொன்னேன். "அந்தம்மாவுக்கு அடுப்பு இல்லை."

"என்ன?"

"ஹோட்டல் ரூம். கட்டில் இருக்கு, அடுப்பு இல்லை. மீனை வச்சு என்ன பண்ணும்?"

அவர் கை நின்றது. கடல் பக்கம் பார்த்தார்.

"அடுப்பில்லாத சனமும் இரிக்கா?" என்றார்.

அவர் அப்பா காலத்திலிருந்து கயிறு பிடித்தவருக்கு மீன் கொடுக்கிறார்கள். வாங்கினவன் வீட்டுக்குக் கொண்டுபோவான், வீட்டில் அடுப்பு எரியும். எரியாத இடத்தில் இருந்தும் ஆட்கள் வருவார்கள் என்று யாரும் நினைத்ததில்லை. எனக்கும் அதே கதைதான். எங்கள் ஊரில் கோட்டை பார்க்க வருகிறவர்கள் கரைவலையைத் தூரத்தில் நின்று படம் பிடிப்பார்கள். வா, வந்து பிடி என்று நான் கூப்பிட்டதில்லை. பஜ்ஜி மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன்.

உள்ளிருந்து தங்கேஸ்வரியக்கா சொன்னார். "கரைக்குப் போனா உங்களுக்கும் எங்க அடுப்பு? நான் சோறு கொண்டாராட்டி நீங்களும் மீனக் கடலிலதான் எறிவீங்க."

பூபாலபிள்ளை என் பக்கம் திரும்பினார். என்னைக் கேட்டார். "அப்ப அவக்கு ஆர் சமைக்கிற?"

"ஜவ்பர்."

"எறியக்கூடா."

"எறியமாட்டாங்க."

"தின்னணும்."

"தின்பாங்க."

மறுபடி வலையைக் கையில் எடுத்தார். அது சம்மதம். எனக்குத் தெரிந்தது. நானும் அப்படித்தான் சம்மதிப்பேன்.

ஜவ்பர் வான் சாரதிக்குப் போன் போட்டான். ஹபீபா பலகையை இறக்கி பீட்சாவையும் பாஸ்தாவையும் சுரண்டி எடுத்தாள். என்ன எழுத என்று கேட்டாள். ஜவ்பர் நீளமாக ஏதோ சொன்னான். அவள் கேட்காமல், 'மீன் உங்கட, அடுப்பு எங்கட' என்று தமிழில் எழுதினாள். வெள்ளைக்காரருக்கு எப்படிப் புரியும் என்றான் அவன். கீழே ஒரு மீனும் ஒரு அடுப்பும் வரைந்தாள். மீன் கோழி மாதிரி இருந்தது. அடுப்பு சரியாக இருந்தது.

வெள்ளி காலை. ஒரு வான் வந்தது. அதே தம்பதி. கூடக் கொழும்பிலிருந்து ஒரு சிங்களக் குடும்பம். அந்தம்மாள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பூபாலபிள்ளை முன்னால் வந்து நின்றார். அவர் கயிற்றின் நுனியை எடுத்து நீட்டினார்.

இழுத்தார்கள். சிங்களக் குடும்பத்தின் அம்மா புருஷனிடம் ஏதோ சொன்னார், ஆட்கள் சிரித்தார்கள். எனக்கும் சொன்னார்கள்: வீட்டில் ஒரு வாளி தூக்கமாட்டார், இங்கே கடலையே இழுக்கிறார் என்றாராம்.

வலை ஏறியது. சொறி இல்லை. சுமாரான மீன். பூபாலபிள்ளை இந்த முறை குட்டி எடுக்கவில்லை. முழங்கை நீளத்துக்கு ஒரு பாரையை எடுத்து அந்தம்மாள் கையில் வைத்தார்.

அந்தம்மாள் மீனைப் பிள்ளைபோல் ஏந்திக்கொண்டார். திரும்பினார். தண்ணீரை நோக்கி நடந்தார்.

ஜவ்பர் என் தோளைப் பிடித்தான், வலித்தது. அந்தம்மாள் அலை ஓரத்தில் குனிந்தார். பூபாலபிள்ளை கண்ணை மூடிக்கொண்டார்.

மீனில் ஒட்டிய மணலைக் கழுவினார். திருப்பி மறுபக்கமும் கழுவினார். பிறகு நிமிர்ந்து எங்கள் கடையைப் பார்த்து நடந்து வந்தார். கரை முழுக்க 'ஏலோ' என்றது.

மிளகாய், மஞ்சள், மிளகு, தேசிக்காய் என்கிற எலுமிச்சை தடவி, தேங்காய்ச்சிரட்டைத் தணலில் சுட்டோம். அரைப்பு கிரைண்டரில் அரைத்தது, பூபாலபிள்ளை வீட்டில். ஹபீபா ரொட்டி சுட்டாள். சிங்களக் குடும்பத்தின் மீன் ஆணமானது. தயிர் போதவில்லை. ஜவ்பர் போன் போட்டதும் சித்தாண்டிப் பக்கமிருந்து தயிர்க்காரர் மோட்டார் சைக்கிளில் சட்டி கட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் பார்த்துவிட்டு, நாளைக்கும் வரவா என்று கேட்டார். விறகு கொண்டுவந்தவரும் அதையே கேட்டார். அந்தம்மாள் முள்ளைக்கூட விடவில்லை, தலையையும் உறிஞ்சினார். பூபாலபிள்ளை தூரத்தில் நின்று தட்டைப் பார்த்தார். திருப்தி.

கடைசியில் சிக்கல். அந்தம்மாள் காசை நீட்டினார். ஜவ்பர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"மீன் அவங்கட மச்சான். இழுத்துச் சம்பாதிச்ச மீன். நான் எப்பிடிக் காசு வாங்குற?"

ஹபீபா உள்ளிருந்து வந்தாள். பலகையில் இரண்டாவது பாதியை விரலால் தட்டிக் காட்டினாள். அந்தம்மாளிடம் தானே வாங்கி முந்தானையில் முடிந்தாள்.

ஜவ்பர் குளித்து ஜும்மாவுக்குப் போய் வந்தான். ஏஜென்டின் போன் வரும் என்று யாரும் பேசவில்லை. மாலை வலைக்கு இரண்டு வான் வந்துவிட்டது. மீன் கையில் பிடித்தபடி பலகையின் முன்னால் ஆட்கள் நின்றார்கள். சிலர் பலகையில் கோழியைக் காட்டி, கோழி உண்டா என்று கேட்டார்கள். அதற்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அப்போது போன் அடித்தது.

ஜவ்பரின் கை முழங்கை வரை மஞ்சளும் மிளகாயும். கையைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான். ஹபீபா துருவலையில் உட்கார்ந்தபடி அசையாமல் அவனைப் பார்த்தாள்.

"எடு மச்சான்" என்றான் என்னிடம். "நான் வேலையில எண்டு சொல்லு."

எடுத்தேன். "அவரு வேலையில இருக்காரு" என்றேன்.

"வேலையிலயா? எந்தக் கம்பெனி?"

வெளியே பார்த்தேன். "கரைவலை" என்றேன்.

"சம்பளம் என்னவாம்?"

"இன்னைக்குப் பாரை."

வைத்துவிட்டேன்.

ஹபீபா எழுந்து உள்ளே போனாள். அரிசி வாளி திறக்கும் சத்தம் கேட்டது. வரும்போது கையில் பாஸ்போர்ட். மேலெல்லாம் அரிசித்தூள். ஊதிவிட்டு ஜவ்பரின் சட்டைப் பையில் வைத்தாள்.

"இப்ப என்னத்துக்கு இது?" என்றான் அவன்.

"எடுத்து அலுமாரியில வைங்க" என்றாள். "நாளைக்கு வாளி நிறைய அரிசி போடணும். இதுக்கு அங்க இடமில்ல."